மூன்றாவதாகச் சுடப்பட்டவன்

என் மீசையிலிருந்துதான் தொடங்க வேண்டும். வந்த வினையெல்லாம் அதனால் வந்ததுதான். ஒஸ்லோவில் என் வயதுத் தமிழர்கள் ஒவ்வொருவராக மீசையை வழித்து எறிந்துகொண்டிருந்த காலத்தில் நான் மட்டும் எண்ணெய் பூசி வளர்த்தேன். மனைவி உதயகுமாரிக்கு அது பிடிக்காது. மகள் மிதுனா, அப்பாவின் வாயில் சப்பாத்துப் பிரஷ் ஒட்டியிருக்கிறது என்பாள். இரண்டு பேரையும் நான் சட்டை செய்ததில்லை. ஊரில் எதையெதையோ இழந்தவனுக்கு மீசையிலாவது ஒரு பெருமை வேண்டாமா?

நான் துப்புரவு வேலை செய்த கட்டடத்தின் நான்காம் மாடியில் ஒரு சின்னப் படக் கம்பனி இருந்தது. இரண்டாயிரத்து நான்காம் ஆண்டு பங்குனியில் ஒரு நாள், குப்பைக் கூடையைக் காலி செய்துகொண்டிருந்த என்னை ஸ்டைனார் என்ற இயக்குநர் வைத்த கண் வாங்காமல் பார்த்தார். குதிரை ஓட்டத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றேன். சாகத் தெரியுமா என்று கேட்டார். அதற்கு என்ன பள்ளிக்கூடமா போக வேண்டும் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார். அப்படித்தான் நான் நடிகனானேன்.

அது ஒரு கௌபோய்ப் படம். மூன்று நாட்டுக்காரர் சேர்ந்து, ஒரு நாட்டுப் படத்துக்கும் போதாத காசில் எடுத்தார்கள். கதாநாயகன் ரோர்க் ஒரு கொள்ளைக்காரன். அவனுடைய தம்பியை ஊரார் சிலர் சிப்பாய்களிடம் காட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். தம்பி செத்துப்போகிறான். ரோர்க் சிறையை உடைத்துக்கொண்டு வந்து, காட்டிக்கொடுத்த ஐந்து பேரையும் தேடிப் பிடித்துச் சுடுகிறான். மூன்றாவதாகச் சுடப்படுகிறவன் மெக்சிக்கோச் சாராயக்கடைக்காரன். அதுதான் நான்.

கதையைக் கேட்ட உடனேயே கூடையை வைத்துவிட்டு ஓடியிருக்க வேண்டும். ஆனால் நான் மறுநாளே போய்ச் சம்மதம் சொன்னேன். வீட்டில் முதல்நாளே வாய்விட்டுவிட்டேன், மிதுனா துள்ளிக் குதித்துவிட்டாள், அதற்குப் பிறகு பின்வாங்குவது எப்படி என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். என் நெஞ்சு இருபது வருடமாகக் குறுகுறுத்துக் களைத்துப்போயிருந்தது.

இதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. எண்பத்துநாலாம் ஆண்டு மார்கழி மழைக்குள் எங்கள் ஊரை ஆமி சுற்றி வளைத்தது. ஆண்களையெல்லாம் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கூப்பிட்டு வரிசையாக நடக்கவிட்டார்கள். வரிசை போகும் வழியில் ஒரு கதிரை. அதில், கண்ணுக்கு மட்டும் ஓட்டை வைத்த சாக்கைத் தலையில் கவிழ்த்து ஒருவனை இருத்தியிருந்தார்கள். அவன் யாரைப் பார்த்துத் தலையை ஆட்டுகிறானோ அந்த ஆளைப் பின்பக்கம் கொண்டுபோவார்கள். சாக்குக்குள் இருப்பவனைத் தலையாட்டி என்போம். எங்கள் பக்கத்தில் அதைவிடக் கேவலமான பெயர் இல்லை. அன்றைக்கு அந்தச் சாக்குக்குள் இருந்தவன் நான்.

இரண்டு நாளைக்கு முன் பஸ்ஸில் வைத்துப் பிடித்திருந்தார்கள். அடித்தார்கள். அந்த விவரம் வேண்டாம், சொன்னால் எனக்குச் சாட்சி சொல்வது போல ஆகிவிடும். வரிசையில் முதல் இருபது பேர் போனார்கள், நான் அசையவில்லை. பின்னால் நின்றவன் துவக்குப் பிடியால் முதுகில் இடித்தான். அடுத்ததாக வந்தவன் ஆனந்தராஜா, எங்களுக்கு ஆனந்தன். நான் தலையை ஆட்டினேன். ஏன் அவன் என்று கேட்டால், அடுத்ததாக வந்தான், அவ்வளவுதான். அவனையும் என்னையும் பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் கொண்டுபோனார்கள். அங்கே நடந்ததை இப்போதைக்கு என்னால் சொல்ல முடியாது. பிறகு என்னை மட்டும் ஒரு சந்தியில் இறக்கிவிட்டார்கள். ஆனந்தராஜாவை அதற்குப் பிறகு ஒருவரும் காணவில்லை.

ஆனந்தராஜாவின் அண்ணன் சிவானந்தன். சம்பவத்துக்கு ஒரு வருடம் முன்பே படிக்கவென்று நோர்வேக்கு வந்துவிட்டவர். நான் தொண்ணூறாம் ஆண்டு ஒஸ்லோவில் வந்து இறங்கியபோது, ஊரவன் வருகிறான் என்று கேள்விப்பட்டு விமான நிலையத்துக்கே வந்து நின்றார். கையில் ஒரு கம்பளிக் கோட்டு. எட்டு மாதம் ஹொல்ம்லியாவில் தன்னுடைய வீட்டில் வைத்துச் சோறு போட்டார். படிவம் நிரப்பித் தந்ததும் அவர்தான், வேலை எடுத்துத் தந்ததும் அவர்தான். எனக்குச் சொந்த அண்ணன் இருந்திருந்தால்கூட இவ்வளவு செய்திருக்கமாட்டான்.

காணாமற்போனவனுக்குத் திவசம் கொடுக்கக்கூடாது, கொடுத்தால் செத்துவிட்டான் என்று ஆகிவிடும் என்று அவருடைய தாய் சாகும்வரை தடுத்திருந்தார். அதனால் சிவானந்தன் அண்ணை ஒவ்வொரு வைகாசியிலும் தம்பியின் பிறந்தநாளுக்குச் சோறு கொடுப்பார். வடை, பாயாசம், ஏழு கறி. முதல் இலை எனக்குத்தான், தம்பியோடு படித்தவன் என்று. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, நான் ஒரு முழு மனிதனை மறைத்து வைத்துத் தின்றேன். இரண்டாம் முறையும் பாயாசம் கேட்டு வாங்கியிருக்கிறேன்.

சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டு வரும்போது அவர் ஒரே கதையைத்தான் கதைப்பார். இங்கே வந்து எடுத்த முதல் சம்பளத்தில் தம்பிக்கு ஒரு நீல ஜீன்ஸ் வாங்கிப் பார்சலில் போட்டவர். இடுப்பு முப்பதா முப்பத்திரண்டா என்று தெரியாமல் கடையில் அரைமணித்தியாலம் நின்றாராம். நீளம் கூடிவிட்டதோ என்று இன்றைக்கும் சந்தேகம். பார்சல் வருவதற்கு முன்பே தம்பியைப் பிடித்தார்களா, பின்பா? தாய்க்கு அந்த வருடத்து ஞாபகமெல்லாம் குழம்பிப்போய்விட்டதால் கேட்டறிய ஆளில்லை. கிடைச்சிருக்கும் அண்ணை, கிடைச்சிருக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். நானும் சொல்வேன். மற்றவர்கள் ஆறுதலுக்குச் சொன்னார்கள். எனக்குத் தெரியும். சாக்கின் ஓட்டைகளுக்குள்ளால் நான் கடைசியாகப் பார்த்தது அந்த ஜீன்ஸைத்தான். அதைச் சொன்னால், நான் எங்கே இருந்து பார்த்தேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

இனிப் படத்துக்கு வருகிறேன். திராமன் நகருக்கு அப்பால் கல்லுடைக்கும் ஒரு பள்ளத்தில் மெக்சிக்கோவைக் கட்டியிருந்தார்கள். மேற்குப் பக்கம் மட்டும் பலகைச் சுவர், பின்னால் ஒன்றும் இல்லை. வைகாசி பிறந்தும் மூலைகளில் பனி கிடந்தது, அதன்மேல் மணலைக் கொட்டி மறைத்தோம். குதிரைகள் நோர்வேக் குதிரைகள், குட்டையும் கொழுப்பும், ரோர்க் ஏறி உட்கார்ந்தால் கால் நிலத்தைத் தொடும். பாலைவன வெயிலில் நிற்பவர்களின் வாயிலிருந்து குளிர்ப் புகை வரக்கூடாது என்று ஆளாளுக்கு ஐஸ்கட்டியைச் சூப்பக் கொடுத்தார்கள். பெரிய தொப்பியும் போர்வையுமாக நின்ற என்னைப் பார்த்து, பிறவி மெக்சிக்கன் என்றார் ஸ்டைனார். எனக்கும் ஏகப்பட்ட சந்தோஷம். அந்த வயதிலும் வெட்கம் கெட்ட சந்தோஷம்.

வசனம் என்ன என்று கேட்டேன். உன்னுடைய மொழியில் எதையாவது சொல்லு, கெஞ்சுவது போல இருந்தால் போதும், சத்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். தலைக்கு மேலே நீட்டிப் பிடித்திருந்த மைக்கைப் பார்த்தேன். இந்தப் பள்ளத்துக்குள் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான், இந்தப் படத்தைப் பார்க்கப்போகும் தமிழனும் உலகத்தில் இல்லை என்று நினைத்துக்கொண்டேன். பூனை கண்ணை மூடிக்கொண்ட கதைதான்.

முதல் தரம் கெஞ்சியபோது, பஸ்ஸுக்கு டிக்கட் கேட்பது போல இருக்கிறது என்றார் ஸ்டைனார். இரண்டாம் தரமும் சரிவரவில்லை. மூன்றாம் தரம் மழை தூறத் தொடங்கிவிட்டது. மணல் கரைந்து சேறாயிற்று. முழங்காலிட்டேன். சேற்றுத் தண்ணீர் துணிக்குள்ளால் ஊறி முழங்காலில் குளிர்ந்தது. துவக்கின் வாய் நெற்றியில் முட்டியது. ரோர்க்காக நடித்தவன் பேர்கன் பக்கத்துப் பெடியன், உதட்டுக்குள் எப்போதும் புகையிலைப் பொட்டலம் வைத்திருப்பவன். ஆனால் அந்த நேரம் அவனுடைய முகம் எனக்குத் தெரியவில்லை. என் வாய் தானாகத் திறந்தது.

“ஆனந்தன், நான் வேணுமெண்டு ஆட்டேல்லையடா. பின்னாலை நிண்டவன் இடிச்சவன், அடுத்ததாய் நீ வந்திட்டாய். வேறை ஆர் வந்திருந்தாலும் ஆட்டியிருப்பன். என்னைச் சுடு, பரவாயில்லை. சிவாண்ணைக்கு மட்டும் சொல்லிப்போடாதை.”

வெடி கேட்டது. குதிரைத் தொட்டிக்குள் விழுந்தேன். எழும்பியபோது எல்லாரும் கைதட்டிக்கொண்டு நின்றார்கள். ஸ்டைனார் கட்டிப்பிடித்து, என்ன சொன்னாய் என்று கேட்டார். சாமி கும்பிட்டேன் என்றேன். பிறகு குதிரைகளுக்குப் பின்னால் போய்ச் சத்தி எடுத்தேன். ஆனால் அன்றிரவு நல்ல நித்திரை. இருபது வருடத்துக்குப் பிறகு முதல்முறையாக வாய்விட்டுச் சொன்னேன் அல்லவா? ஒரு குதிரைக்கும் புகையிலைக்காரனுக்கும் சொல்லிவிட்டு, பாவத்தை இறக்கிவைத்த ஆள் போலக் குறட்டை விட்டேன். இதை எழுதும்போது காது சுடுகிறது.

படம் எந்தத் தியேட்டருக்கும் வரவில்லை. அடுத்த வருடம் நான்காம் மாடியும் காலியாகிவிட்டது. தப்பினேன் என்று இருந்தேன்.

இரண்டாயிரத்து ஏழில் எனக்கு ஐம்பது வயது. ஒஸ்லோத் தமிழருக்கு ஐம்பதாவது பிறந்தநாள் என்பது இரண்டாவது கலியாணம் போல. வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி நானும் இணங்கினேன். லோறென்ஸ்கூக்கில் மண்டபம் எடுத்து, ஒரு சனிக்கிழமை மத்தியானம் நூற்றிருபது பேருக்குச் சாப்பாடு. சிவானந்தன் அண்ணைதான் வாசலில் நின்று வரவேற்றார், வீட்டுக்கு மூத்தவர் போல. மேடையில் எனக்குப் பொன்னாடை போர்த்தியதும் அவர்தான். ஊரின் பெயருக்கு ஒரு மாசும் வராமல் வாழ்கிறவன், தம்பியை இழந்த தனக்குத் தம்பியாக வந்தவன் என்று ஒலிவாங்கியில் சொன்னார். சனம் கைதட்டியது. நான் குனிந்து என் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு அடக்கமான மனிதன் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

பிறகு மிதுனா ஒலிவாங்கியை வாங்கினாள். பதினேழு வயது, சேலை தடக்காமல் நடக்கவே படாதபாடு பட்டாள். அப்பாவுக்கு ஒரு ஓவராஸ்கெல்ஸ வைத்திருக்கிறேன் என்றாள், சர்ப்ரைஸ் என்பதற்கு நோர்வேச் சொல். பிள்ளைகள் எல்லாம் ஓவென்று கத்தின. அப்பா படத்தில் நடித்தவர், உங்களுக்கு ஒருவருக்கும் தெரியாது, அவர் வெட்கத்தில் சொல்லவில்லை, நான் அந்த இயக்குநருக்கு எழுதி டீவிடி எடுப்பித்தேன், அப்பா வருகிற துண்டை மட்டும் போடப்போகிறேன் என்றாள். யாரோ ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டார்கள்.

ஆனந்தன் என்ற பெயரும், ஆட்டினேன் என்ற சொல்லும், சிவாண்ணைக்குச் சொல்லாதை என்பதும், தமிழ் விளங்கும் நூற்றிருபது பேரின் முன்னால், என் வாயாலேயே கேட்கப்போகிறது. படம் போடும் கருவியின் மின்கம்பி சுவரோரமாக ஓடியது. தடக்கி விழுவது போல விழுந்து அதைப் பிடுங்கிவிடலாம் என்று காலை எடுத்தும் வைத்தேன். மிதுனா ஓடி வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். சந்தோஷத்தில் அவளுடைய உள்ளங்கை வியர்த்திருந்தது. அந்தக் கையை உதறிவிட்டுப் போக என்னால் முடியவில்லை.

திரையில் பலகைச் சுவர் வந்தது. குட்டைக் குதிரை வந்தது, சனம் சிரித்தது. தொப்பியும் மீசையுமாக நான் வந்தேன், விசில் பறந்தது. முன்வரிசையில் சிவானந்தன் அண்ணை கதிரை நுனிக்கு வந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். மழை தூறியது. நான் சேற்றில் முழங்காலிட்டேன். துவக்கு நெற்றியில் முட்டியது. திரையில் என் வாய் திறந்தது. இங்கே நான் கண்ணை மூடினேன்.

யாரோ ஒருவன் ஸ்பானிஷ் மொழியில் கீச்சுக்குரலில் கத்தினான்.

கண்ணைத் திறந்தேன். என் வாய்தான் அசைந்தது, குரல் என்னுடையதல்ல. கீழே நோர்வேஜிய மொழியில் எழுத்து ஓடியது. கருணை காட்டு ஐயா, எனக்கு ஏழு பிள்ளைகள். மண்டபம் சிரிப்பில் அதிர்ந்தது. மற்ற ஆறையும் எங்கே ஒளித்துவைத்திருக்கிறாய் என்று உதயகுமாரியைப் பார்த்துக் கேட்டார்கள். சத்தத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஸ்டைனார் சொன்னதற்கு அர்த்தம் இதுதான். எல்லாருடைய வாய்க்கும் வேறு ஆட்களைக் கொண்டு குரல் போட்டிருக்கிறார்கள். துப்புரவுக்காரனுக்கு அது எங்கே தெரியப்போகிறது? வெடி கேட்டது, தொட்டிக்குள் விழுந்தேன், எல்லாரும் எழும்பி நின்று கைதட்டினார்கள்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. நானும் சிரித்தேன். கைகூப்பினேன். இரண்டாம் தரம் போடுங்கோ என்று பெடியள் கேட்க, போடு பிள்ளை என்று நானே மிதுனாவிடம் சொன்னேன். அன்றைக்குச் சாக்கு என் முகத்தை மறைத்தது, இன்றைக்கு எவனோ ஒருவனின் குரல் மறைத்தது. தலையாட்டியதற்கு வெட்கப்பட்டு இருபத்துமூன்று வருடம். ஆனால் இந்தச் சிரிப்பை நினைத்தால் அதைவிடக் கூடுதலாக வெட்கமாக இருக்கிறது. அன்றைக்கு முதுகில் துவக்கு இருந்தது. இப்போது முதுகில் பொன்னாடைதான் இருந்தது.

இரண்டாம் தரம் படம் ஓடி முடிந்தபோது முன்வரிசையில் சிவானந்தன் அண்ணையின் கதிரை காலியாக இருந்தது. தேடிப் போனேன். கோட்டுகள் கொளுவும் நடைவழியில், சுவரைப் பார்த்தபடி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தார். வந்து என் தோளில் கையை வைத்தார்.

“நல்லாத்தான் நடிச்சிருக்கிறாய். எல்லாரும் சிரிச்சினம், என்னாலை ஏலாமல் போச்சு. யோகன், என்ரை தம்பியும் உப்பிடித்தான் முழங்காலிலை இருந்து கும்பிட்டிருப்பான், என்ன?”

ஓம் என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியும் என்றாவது சொல்லியிருக்கலாம். ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிந்திருந்தாலே போதும், அதில் எனக்கு நல்ல பழக்கம். ஆனால் நான் சேற்றில் கிடந்து கெஞ்சிய கெஞ்சலை அவர் ஆனந்தனின் தலையில் கட்டுகிறார். என்னுடைய கோழைத்தனத்தை அவனுக்குப் போர்த்திவிடுகிறார். அதை மட்டும் என்னால் பொறுக்க முடியவில்லை.

“இல்லை, சிவாண்ணை. அவன் கும்பிடேல்லை.”

கை என் தோளில் அப்படியே இருந்தது. அவர் என்னைப் பார்த்தார்.

“உனக்கு எப்பிடித் தெரியும்?”

பள்ளிக்கூடத்துப் பின்பக்கம் நடந்ததைச் சொன்னேன். வேறு ஊர்களில் பிடித்துக் கொண்டுவந்தவர்களோடு சேர்த்து அவனையும் முழங்காலில் இருக்கச் சொன்னார்கள். மழையில் நிலம் சேறாகக் கிடந்தது. மற்றவர்கள் இருந்தார்கள். ஆனந்தன் மட்டும் இருக்கவில்லை. இது அண்ணன் அனுப்பின ஜீன்ஸ், சேறு பிரட்டமாட்டேன் என்று தமிழில் சொன்னான். சொன்னது அவர்களுக்கு விளங்கவில்லை. அவர்கள் பக்கத்தில் அதை விளங்கிக்கொண்டவன் ஒருவன்தான், அவன் சாக்குக்குள் இருந்தான். நிற்கும்போதே சுட்டார்கள். இவ்வளவையும் நான் சுவரில் தொங்கிய கோட்டுகளைப் பார்த்துச் சொன்னேன்.

“இது உனக்கு ஆர் சொன்னது?” என்று கேட்டார். குரல் மிகவும் மெல்லியதாக இருந்தது. எனக்கு இன்னும் ஒரு வழி வைத்துத் தந்தார் என்று நினைக்கிறேன்.

“ஒருத்தரும் சொல்லேல்லை. சாக்கிலை ரெண்டு ஓட்டை இருந்தது.”

அவருடைய கை தோளிலிருந்து இறங்கியது. பொன்னாடையும் அதோடு சரிந்து நிலத்தில் விழுந்தது. இருவரும் அதை எடுக்கக் குனியவில்லை. அடிப்பார் என்று நின்றேன். அடித்திருந்தால் நல்லாக இருந்திருக்கும். உள்ளே கேக் வெட்டுவதற்கு என்னைத் தேடினார்கள், மிதுனா இரண்டு தரம் கூப்பிட்டாள். அவர் தன்னுடைய கோட்டைத் தேடி எடுத்தார், ஒரு கையை நுழைத்தார், மற்றக் கை நுழையவில்லை. பதினேழு வருடத்துக்கு முன் விமான நிலையத்தில் எனக்குக் கோட்டுப் போட்டுவிட்டவர். உதவப் போன என் கையை விலக்கிவிட்டு, அப்படியே கதவு வரைக்கும் போய் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

“அளவாய் இருந்ததோ?” என்று கேட்டார்.

“இடுப்பு அளவு, சிவாண்ணை. நீளம்தான் கொஞ்சம் கூட. அடியிலை ரெண்டு மடிப்பு மடிச்சு விட்டிருந்தவன்.”